எழுபது ஆண்டுப் பழமையான எதிர்கால எழுத்து

வாசகர் கேள்விகள்: எழுத்துரு

சென்ற இதழில் கடைப் பெயர்ப்பலகைகளுக்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதியபோது, எதிர்காலத் தோற்றம் கொண்ட சதுர எழுத்துகளைத் தொலைவிலிருந்து பார்த்துச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: விண்வெளிப் படங்களிலும் அறிவியல் கண்காட்சிப் பதாகைகளிலும் அகன்று, சதுரமாக இருக்கும் ஒரே மாதிரியான ஆங்கில எழுத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதற்குப் பெயர் உண்டா? அதை வடிவமைத்தவர் யார்?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் கடிதத்தில் வரைந்து காட்டியிருக்கும் ஆங்கில 'ஓ' ஒன்றே அடையாளம் காணப் போதுமானது. அதை வட்டம் என்றும் சொல்ல முடியாது, சதுரம் என்றும் சொல்ல முடியாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடித் திரையைப் போல நான்கு பக்கமும் சற்றே புடைத்து, மூலைகள் மழுங்கி நிற்கிறது. அந்த வடிவத்தை ஒரு முழு எழுத்துத் தொகுதியாக்கி அச்சுலகில் நிலைபெறச் செய்தது மைக்ரோகிராமா என்னும் எழுத்துரு. இத்தாலியில், கார்த் தொழிலுக்குப் பேர்போன டூரின் நகரில் இருந்த நெபியோலோ அச்செழுத்து வார்ப்படக் கூடத்துக்காக, அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேசேயும் சேர்ந்து 1952இல் அதை உருவாக்கினார்கள். எழுத்தின் நுனிகளில் சிறு கொடிபோல் நீளும் முனைகள் அதில் இல்லை. அத்தகைய எழுத்துகளைத் தொழிலில் சான்ஸ் செரிஃப் என்று அழைப்பார்கள்.

மைக்ரோகிராமாவில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. தலைப்புகளுக்கும் நிறுவனப் பெயர்களுக்கும் அது போதுமானதாக இருந்தாலும், ஒரு முழு வாக்கியத்தை அமைக்க விரும்பியவர்கள் சிறிய எழுத்துகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1962இல், நோவரேசே அதே எலும்புக்கூட்டின் மேல் சிறிய எழுத்துகளையும் தடித்த ஒடுங்கிய வகை போன்றவற்றையும் சேர்த்து யூரோஸ்டைல் என்னும் குடும்பத்தை வெளியிட்டார். புட்டி அதற்கு முன்பே, 1959இல், காலமாகிவிட்டார். இன்று பலரும் இரண்டு பெயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்கிறார்கள்; ஈய அச்சுக் காலத்தை வைத்துப் பேசினால், சிறிய எழுத்து இருந்தால் அது யூரோஸ்டைல் என்று கொள்ளலாம்.

விண்வெளியோடு இது சேர்ந்துகொண்டதற்கு முக்கியமான காரணம், ஸ்டான்லி குப்ரிக் 1968இல் வெளியிட்ட '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படம். அதில் விண்கலத்தின் கணினித் திரைகளிலும் உள்ளறைகளின் அறிவிப்புகளிலும் யூரோஸ்டைலின் அகன்ற, தடித்த வகை இடம்பெற்றது. அதன் பிறகு விண்கலத்தின் உட்புறத்தைக் காட்ட விரும்பிய எத்தனையோ கலை இயக்குநர்கள் அதே எழுத்தைத் தேடிச் சென்றார்கள்.

கேள்வி: 1952இல் வந்த எழுத்து இன்னும் எதிர்காலமாகத் தோன்றுவது எப்படி? அந்த வடிவத்தில் அப்படி என்ன இருக்கிறது?
(ஓய்வுபெற்ற அச்சகப் பணியாளர், சிவகாசி)

பதில்: ஒவ்வொரு தலைமுறையும் தான் வியந்து பார்த்த இயந்திரத்தின் சாயலை எழுத்தில் ஏற்றி, அதற்கு எதிர்காலம் என்று பெயரிட்டது என்பதே என் கருத்து. 1920களின் ஜெர்மனியில் அந்தச் சாயல் வட்டமாக இருந்தது. டெஸ்ஸௌ நகரில் இயங்கிய பௌஹௌஸ் கலைப்பள்ளியில் ஹெர்பர்ட் பாயர் 1925இல் வட்ட வில்களையும் நேர்க்கோடுகளையும் மட்டும் கொண்டு ஒரு பொது எழுத்து வரிசையை வரைந்தார். அதில் பெரிய எழுத்துகளே கிடையாது. பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்ற ஜெர்மன் மரபை நினைத்துப் பார்த்தால், அது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பது விளங்கும். இரண்டு ஆண்டுகளில், 1927இல், பிராங்க்பர்ட்டின் பௌவர் வார்ப்படக் கூடம் பால் ரென்னரின் ஃப்யூச்சராவை வெளியிட்டது. லத்தீனில் எதிர்காலத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராகப் பெற்ற அந்த எழுத்துரு, வட்டத்தையும் முக்கோணத்தையும் சதுரத்தையும் நினைவூட்டியபோதும், அதன் பெரிய எழுத்துகளின் அகலங்கள் பழைய ரோமானியக் கல்வெட்டுகளின் அளவுகளைப் பின்பற்றியவை. அதனால்தான் அது விரைவில் சலிக்கவில்லை என்று நினைக்கிறேன். 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் ஏணிக்காலில் பொருத்தப்பட்ட எஃகுப் பலகையின் வாசகம் ஃப்யூச்சராவின் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டது. அந்தப் பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வியப்புக்குரிய பொருள்கள் மாறின. தொலைக்காட்சித் திரை, காரின் முன்கண்ணாடி, விமானத்தின் சன்னல் ஆகியவை எல்லாம் மூலை மழுங்கிய சதுரங்களாக வீட்டுக்கும் வீதிக்கும் வந்தன. மைக்ரோகிராமாவின் 'ஓ' அந்த வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் வந்த வடிவம்.

அடுத்த மாற்றம் உங்கள் மேசை இழுப்பறையிலேயே இருக்கக்கூடும். ஒரு காசோலையை எடுத்து, தாளின் அடியில் ஓடும் எண்களைப் பாருங்கள். காந்தத் துகள் கலந்த மையால் அச்சிடப்படும் அந்த எண் வடிவங்களுக்கு இ-13பி என்று பெயர். 1950களில் அமெரிக்காவில், வங்கிகள் காசோலைகளை இயந்திரத்தால் பிரித்தெடுப்பதற்காக அவை வகுக்கப்பட்டன. ஒவ்வோர் எண்ணும் படிக்கும் முனையைக் கடக்கும்போது வேறுபட்ட காந்தச் சைகையைத் தர வேண்டும் என்பதற்காக, கையால் எழுதும் எவரும் தடிப்பாக்காத இடங்களில் கோடு திடீரென்று தடித்திருக்கும். அந்தத் தொகுதியில் பத்து எண்களும் நான்கு குறிகளும் மட்டுமே உண்டு, எழுத்துகள் இல்லை. 1960களின் வடிவமைப்பாளர்கள் அந்த வினோதத் தடிப்பை எழுத்துகளுக்கும் நீட்டினார்கள். லியோ மாக்ஸின் வெஸ்ட்மின்ஸ்டர் அவ்வாறு வந்தது. தாளின் மேல் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துகளாக 1970இல் வந்த பாப் நியூமனின் டேட்டா 70 அந்த வழியில் வந்ததே. இயந்திரம் படிப்பதற்காகப் பிறந்த வடிவத்தை மனிதர்கள் விரும்பி அணிந்துகொண்ட காலம் அது. ஆனால் அந்த வகை இன்று 1970களை மட்டுமே நினைவூட்டுகிறது. கணினியின் கண் கூர்மையானவுடன் அந்தத் தடிப்புகளுக்கு இருந்த காரணம் போய்விட்டது. யூரோஸ்டைலின் வடிவமோ குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தின் தேவைக்குக் கட்டுப்படவில்லை. கையில் இருக்கும் கைபேசியின் மூலைகளைப் பாருங்கள், அதே மழுங்கிய சதுரம்தான். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நான் கணினியில் துல்லியமான வட்டங்களையும் ஒரே தடிப்புள்ள கோடுகளையும் வைத்து ஓர் ஆங்கில எழுத்துரு வரைந்து வருகிறேன். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் 'ஓ' சிறியதாகத் தெரிகிறது, 'எச்' நடுவில் பருத்துத் தெரிகிறது. எங்கே தவறு?
(வடிவமைப்பு மாணவர், சென்னை)

பதில்: அளவுகள் சரியாக இருப்பதே தவறு. இதைச் சொல்லும்போது பல மாணவர்கள் நம்ப மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பொறுமையாக விளக்குகிறேன்.

வட்டமான எழுத்து மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஒவ்வொரு புள்ளியில்தான் தொடுகிறது. சதுரமான 'எச்' அதே கோடுகளை நான்கு முழு முனைகளால் தொடுகிறது. அதனால் இரண்டும் ஒரே உயரமாக இருந்தாலும் கண் வட்டத்தைக் குள்ளமாக மதிப்பிடும். அச்செழுத்து வார்த்த காலத்திலிருந்து இதற்குக் கைக்கொள்ளப்படும் பரிகாரம், 'ஓ'வை மேலும் கீழும் சற்றுப் பிதுங்க விடுவது. எழுத்தின் உயரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை வெளியே நீள்வது வழக்கம். உச்சி கூரான 'ஏ'வுக்கும் இதே சலுகை வேண்டும். அடுத்தது கோட்டின் தடிப்பு. ஒரே தடிப்பில் ஒரு நெட்டுக்கோட்டையும் ஒரு படுக்கைக்கோட்டையும் வரைந்தால், படுக்கைக்கோடுதான் தடித்ததாகத் தெரியும். உங்கள் 'எச்' நடுவில் பருத்திருப்பதற்குக் காரணம் இதுவே. அந்தக் குறுக்குக்கோட்டை மெலிதாக்கி, சரிபாதியிலிருந்து ஒரு மயிரிழை மேலே ஏற்றி வையுங்கள். இரண்டு கோடுகள் கூடும் இடத்தில், குறிப்பாகச் சிறிய 'என்' எழுத்தில் வளைவு தண்டிலிருந்து கிளம்பும் மூட்டில், மை தேங்கியது போன்ற கருமை விழும். அங்கே இரு கோடுகளையும் சற்றுக் குடைந்தெடுக்க வேண்டும்.

சதுர எழுத்துக்கே உரிய இன்னொரு சிக்கலை நீங்கள் இன்னும் கேட்கவில்லை, ஆனால் விரைவில் அதை எதிர்கொள்வீர்கள். ஒரு செவ்வகத்தை வரைந்து, அதன் மூலைகளில் கால்வட்டங்களை ஒட்டினால், நேர்க்கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு கணு இருப்பதுபோல் தோன்றும். நீங்கள் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அங்கே கணு இருக்காது. வளைவின் அளவு சுழியத்திலிருந்து ஒரே தாவலில் உயர்வதைக் கண் கணுவாக உணர்கிறது. இதற்கு விடை, பக்கங்களையும் முழு நேர்க்கோடாக விடாமல் மிக மெல்லிய வளைவாக்கி, மூலையை நோக்கிப் படிப்படியாக வளைவை ஏற்றிச் செல்வது. கணிதத்தில் இதற்கு மீநீள்வட்டம் என்று பெயர். வட்டத்தின் சமன்பாட்டில் அடுக்கு 2 என்றால், அந்த அடுக்கைக் கூட்டக் கூட்ட வடிவம் சதுரத்தை நெருங்கும். டென்மார்க்கின் பீட் ஹைன் 1959இல் ஸ்டாக்ஹோம் நகரின் செர்கல் சதுக்கத்துக்கு 2.5 என்ற அடுக்கைத் தேர்ந்து இந்த வடிவத்தைப் புகழ்பெறச் செய்தார். மைக்ரோகிராமா அதற்கு ஏழு ஆண்டுகள் முந்தியது என்பதை நினைக்கும்போது, டூரின் வடிவமைப்பாளர்களின் கண் எவ்வளவு தேர்ந்தது என்று வியக்கிறேன்.

ஃப்யூச்சராவும் இதே பாடத்தைக் கடந்து வந்ததுதான். ரென்னரின் முதல் வரைபடங்களில் சிறிய 'ஆர்' ஒரு தண்டும் அதன் அருகில் தனியே மிதக்கும் ஒரு பந்துமாக இருந்தது. வேறு சில எழுத்துகளும் அப்படியே தூய வடிவியலில் பிறந்தவை. பயன்பாட்டுக்கு வந்தபோது அவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. நமக்குக் கிடைத்த ஃப்யூச்சராவின் 'ஓ' பார்வைக்கு வட்டம். அதன் கோட்டின் தடிப்போ எல்லா இடத்திலும் சமமாக இல்லை.

நீங்கள் வரைந்ததைத் தாளில் பெரிதாக அச்சிட்டு, சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். நல்ல எழுத்துருவில் 'எஸ்' எழுத்தும் 8 என்ற எண்ணும் தலைகீழானால் தலை கனத்து விழப்போவதுபோல் இருக்கும். உங்களுடையது அப்படித் தோன்றவில்லை என்றால், மேல்வளைவு இன்னும் சிறுக வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் அறிமுகக் கையேடு முழுவதையும் இத்தகைய எழுத்தில் அமைக்கலாமா?
(மென்பொருள் பணியாளர், ஓசூர்)

பதில்: வேண்டாம். தலைப்பையும் பக்க எண்ணையும் அமைத்துவிட்டு, உரைக்கு வேறு எழுத்துருவைத் தேடுங்கள். ஓடும் உரையைப் படிக்கும்போது கண் எழுத்துகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னேறுகிறது; யூரோஸ்டைல் வகையிலோ 'ஓ', 'டி', 'க்யூ', சுழியம் ஆகிய எல்லாமே ஒரே மழுங்கிய சதுரத்திலிருந்து வெட்டியவை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் கண்காட்சியின் கையேட்டில் அரங்கு எண்களை 9 பாயின்ட் அளவில் இந்த எழுத்திலேயே நான் அமைத்துக் கொடுத்தேன். சுழியத்தையும் 'ஓ'வையும் பிரித்தறிய முடியாமல் வந்தவர்கள் அரங்கு மாறி அலைந்தார்கள். முதியவர் ஒருவர் கையேட்டை என்னிடமே நீட்டி வழி கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று முதல் 18 பாயின்ட்டுக்குக் கீழே இவ்வகையை நான் பயன்படுத்துவதில்லை. வேறு வழியில்லாமல் சிறிய அளவில் இடவேண்டி வந்தால், எழுத்துகளுக்கிடையே இடைவெளியைத் தாராளமாகக் கூட்டுங்கள்.

கேள்வி: ஆங்கில 'ஏ'வின் குறுக்குக்கோட்டை எடுத்துவிட்டால் எழுத்து உடனே நவீனமாகிவிடுகிறது. எங்கள் கடையின் பெயரில் மூன்று 'ஏ' வருகிறது. எல்லாவற்றிலும் எடுத்துவிடலாமா?
(கடை உரிமையாளர், ஈரோடு)

பதில்: நீங்கள் நினைத்திருப்பது நாசாவின் சிவப்பு எழுத்துச் சின்னமாக இருக்கும். ரிச்சர்ட் டான், புரூஸ் பிளாக்பர்ன் ஆகியோரின் நிறுவனம் வடிவமைத்து 1975இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சின்னத்தில் இரண்டு 'ஏ'க்களும் குறுக்குக்கோடு இல்லாமல், ராக்கெட்டின் மூக்கைப் போல நிற்கின்றன. அன்றைய நாசா தலைவராக இருந்த ஜேம்ஸ் ஃபிளெட்சருக்கே முதலில் அந்தக் கோடுகள் இல்லாதது உறுத்தியது. 1992இல் கைவிடப்பட்ட சின்னம், 2020இல் மனிதர்களைச் சுமந்து சென்ற ஃபால்கன் ராக்கெட்டின் உடலில் மீண்டும் இடம்பெற்றது.

அந்தச் சின்னம் வெற்றி பெற்றதற்குக் காரணம் அதில் நான்கே எழுத்துகள் இருப்பதும், அந்த நான்கையும் உலகம் முன்பே அறிந்திருந்ததும்தான். உங்கள் கடையின் பெயரை முதன்முறையாகப் படிக்கப்போகும் ஒருவர், பேருந்தின் சன்னலிலிருந்து இரண்டு விநாடி பார்ப்பார். கோடு இல்லாத 'ஏ' அவருக்குத் தலைகீழான 'வி'யாகத் தெரிந்தால் பெயரே மாறிவிடும். நோவரேசே 1971இல் ஸ்டாப் என்ற பெயரில் இன்னும் துணிச்சலான ஓர் எழுத்துரு செய்தார். அதில் எழுத்துகளின் பாகங்கள் வெட்டி எடுக்கப்பட்டு, மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ள வேண்டும். சின்னங்களுக்கு அது அழகாகப் பொருந்தியது. ஒரு நீண்ட பெயரை அதில் அமைத்துப் பார்த்தால் அதன் எல்லை புரியும். உங்கள் மூன்று 'ஏ'க்களில் ஒன்றில் மட்டும் கோட்டை எடுத்தால் அது பிழைபோல் தெரியும், மூன்றிலும் எடுத்தால் பெயர் தெரியாது. குறுக்குக்கோட்டைக் கீழே இறக்கி, மெலிதாக்கி, வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூரோஸ்டைலுக்கு உரிமக் கட்டணம் செலுத்த வசதியில்லை. கட்டணமில்லாமல், முறையாகப் பயன்படுத்தக்கூடியவை உண்டா?
(குறும்பட இயக்குநர், திருச்சி)

பதில்: உரிமத்தை மதித்துக் கேட்டதற்கு நன்றி. மாட் மெக்கினெர்னி வடிவமைத்து, லீக் ஆஃப் மூவபிள் டைப் என்னும் திறந்த எழுத்துரு வெளியீட்டுக் குழு வெளியிட்ட ஆர்பிட்ரான் உங்களுக்குப் பொருந்தும். யூரோஸ்டைலுக்கும் பேங்க் காதிக் என்னும் பழைய சதுர எழுத்துருவுக்கும் ஒரு மாற்று வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட வடிவியல் எழுத்துரு அது. மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை பல தடிப்புகளும், சில எழுத்துகளுக்கு மாற்று வடிவங்களும் அதில் உண்டு. அதன் கூர்மையான மூலைகள் எனக்கு யூரோஸ்டைலைவிடச் சற்றுக் கடுமையாகத் தோன்றினாலும், படத்தலைப்பு அளவில் அந்தக் கடுமையே அதற்குப் பலமாகிறது. மைக்ரோகிராமாவின் மென்மையே வேண்டும் என்றால் வெர்னான் ஆடம்ஸின் மைக்ரோமாவைப் பாருங்கள். அதில் ஒரே ஒரு தடிப்புதான் கிடைக்கும். இரண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்னும் திறந்த உரிமத்தில் வருவதால், படத்திலும் விளம்பரத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. இரண்டிலும் தமிழ் எழுத்துகள் இல்லை.

கேள்வி: தமிழில் இப்படி ஓர் எதிர்காலத் தலைப்பெழுத்து செய்ய முடியுமா? நான் முயன்றபோதெல்லாம் படிக்க முடியாத ஏதோ ஒன்றுதான் வருகிறது.
(எழுத்துரு ஆர்வலர், யாழ்ப்பாணம்)

பதில்: முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் லத்தீன் எழுத்திலிருந்து எடுக்க வேண்டியது யூரோஸ்டைலின் மூலையை மட்டுமே. அதன் அகலத்தையும் கட்டத்தையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

முதலில் நமக்குச் சாதகமானவற்றைப் பார்ப்போம். ட, ப, ம, ய ஆகியவை ஏற்கெனவே நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் கலந்தவை. மூலையை மழுக்கியதும் அவை எதிர்காலத் தோற்றம் பெற்றுவிடும். தமிழ்நாட்டில் 1978இல் அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தனி வடிவங்களும் ணா, றா, னா ஆகியவற்றின் சுருண்ட வடிவங்களும் போய், எல்லா உயிர்மெய்களும் ஒரே ஐகாரக் குறியையும் ஒரே துணைக்காலையும் பெற்றன. வடிவியல் எழுத்து செய்பவருக்கு இது பெரிய உதவி, ஏனெனில் ஒரு பாகத்தைத் திருத்தினால் அது வரும் எழுத்துகள் அனைத்தும் ஒருங்கே திருந்தும்.

சிக்கல் சுழிகளில் தொடங்குகிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் எண்ணிப் படித்தோமே, அந்த எண்ணிக்கைதான் மணத்தையும் மனத்தையும், பணியையும் பனியையும் பிரிக்கிறது. எளிமைப்படுத்தும் ஆசையில் சுழியை ஒரு மேடாக மாற்றும் வடிவமைப்பாளர், அந்த மேடுகளையாவது எண்ண முடியும்படி வைக்க வேண்டும். தடித்த வகையில் சுழியின் உள்வெளி அடைபட்டு, ண ஒரு கருப்புக் கட்டியாகிவிடும். அங்கே சுழிக்குள் கோட்டை மெலிதாக்குவதும், ணகரத்துக்கு மற்ற எழுத்துகளைவிடக் கூடுதல் அகலம் கொடுப்பதும் தவிர்க்க முடியாதவை. எல்லா எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்க நினைத்த முயற்சிகள் பெரும்பாலும் இந்த எழுத்தில்தான் உடைகின்றன. உங்கள் வரைபடங்களிலும் ணகரம் டகரத்தின் அகலத்திலேயே இருப்பதைக் கவனித்தேன்.

அடுத்தது ரகரமும் துணைக்காலும். ரகரத்தின் அடியில் இருக்கும் சாய்ந்த கோட்டை, சாய்கோடே வேண்டாம் என்று முடிவு செய்யும் வடிவியல்காரர் முதலில் வெட்டிவிடுகிறார். உடனே பரல் பால் ஆகிறது, தரம் தாம் ஆகிறது. இதில் நம் அச்சு மரபுக்கும் பங்கு உண்டு: பழைய ஈய எழுத்துகளில் ர், ரி, ரீ ஆகியவை அந்தச் சாய்கோடு இல்லாமலே வார்க்கப்பட்டன; மேலே புள்ளியோ இகர, ஈகார விசிறியோ இருந்ததால் படிப்பவருக்குக் குழப்பம் வரவில்லை. தனி ரகரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாய்கோடு உங்கள் கட்டமைப்புக்கு ஒவ்வவில்லை என்றால், கோட்டின் அடியை இடப்பக்கமாக ஒரு சிறு மடிப்பாக்குங்கள். ஏதேனும் ஒரு வேறுபாடு தெளிவாக நிற்க வேண்டும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் சதுரமாக்கும்போதும் இதே கவனம் தேவை, இல்லையேல் செய் என்பதும் சேய் என்பதும் ஒன்றாகிவிடும்.

உயரம் இன்னொரு பொருள். மைக்ரோகிராமா பெரிய எழுத்துகளை மட்டும் கொண்டது என்று முதல் பதிலில் சொன்னேன். அதாவது, அதன் எல்லா எழுத்துகளும் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு ரயில் பெட்டித் தொடரைப் போல வரிசையாக நிற்கும். அதன் எதிர்காலத் தோற்றத்தில் பாதி அந்த ஒழுங்கிலிருந்து வருகிறது. தமிழில் 'கூட்டுறவு' என்று எழுதினாலே உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. 'கிளி' என்றால் விசிறி மேலே ஏறுகிறது. மேலும் கீழும் செல்லும் அந்தப் பாகங்களை வலுக்கட்டாயமாக இரண்டு கோடுகளுக்குள் அமுக்கினால் எழுத்தின் உடல் நசுங்கும். அவற்றைக் குட்டையாக்கி, எல்லா எழுத்திலும் ஒரே மட்டத்தில் வெட்டி நிறுத்துங்கள். அப்போது மேலும் கீழும் இரண்டு புதிய கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் உருவாகி, வேறு விதமான ஒழுங்கு கிடைக்கும்.

அகலத்தை விட்டுவிடச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் முடியும் பெயர்கள் ஏராளம். அவற்றை அகலமாக இழுக்கப் பலகையில் இடம் இருக்கும். 'நுண்ணுயிரியல்' என்ற சொல்லை அகன்ற எழுத்தில் அமைத்தால் சுவர் போதாது. தமிழுக்கு ஒடுங்கிய, உயர்ந்த சதுரமே பொருந்தும் என்பது என் அனுபவம். ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேடமரான், எக் டைப் குழுவினரின் அனேக் தமிழ் ஆகிய இரண்டையும் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். அவை எதிர்காலத் தோற்றத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் தடிப்பு ஏறும்போது சுழி எப்படித் திறந்து வைக்கப்படுகிறது என்பதை முன்னதிலும், அகலம் மாறும்போது எந்தப் பாகம் விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பின்னதிலும் கற்கலாம். இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை.

புதிதாகத் தொடங்கும்போது அகரத்திலிருந்து தொடங்காதீர்கள். மனம், மணம், பரல், பால், செய், சேய் ஆகிய ஆறு சொற்களுக்குத் தேவையான எழுத்துகளை மட்டும் முதலில் வரைந்து, உங்கள் எண்ணத்தை அறியாத ஒருவரிடம் பத்தடி தொலைவிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். அவர் ஆறையும் தயங்காமல் படித்துவிட்டால் அந்தத் தாளை எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் ழகரத்தை அதே கட்டமைப்புக்குள் கொண்டுவரும் வழியைச் சேர்ந்து பார்ப்போம்.